கடியப்பட்டணத்துச் சூரியனும் பல்கீசின் அசரும்

திருவிதாங்கோட்டு பல்கீஸ் பீவிக்குச் சிரிப்பு ஒரு வியாதி. சாவு விழுந்த மையத்து வீட்டில்கூடச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். நைட்டி மூட்டையோடு கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டுக்கு வியாபாரத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னதும், மலை ஏறுகிற பொம்பளைக்குத் தொழுகை தங்காது என்றார் அண்ணன். "ஒரு வேளை களாவானா அன்னைக்கே மூட்டைய இறக்கி வச்சிருவேன் காக்கா" என்று இவளும் வாயை விட்டாள். களா என்றால் நேரம் தவறிய தொழுகை. ஒன்பது வருடமாக ஒன்றும் தவறவில்லை, அந்த மாசி மாதச் சனிக்கிழமை வரைக்கும்.

அன்று எஸ்டேட் பெண்கள் நைட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், சாயங்காலத் தொழுகையான அசரைத் தொழாமலே பஸ் ஏற வேண்டியதாயிற்று. நாகர்கோவில் போய்த் தொழுதுகொள்ளலாம் என்று நினைத்தாள். அழகியபாண்டியபுரம் தாண்டியதும் டயர் வெடித்தது. "பத்து நிமிசம்" என்றார் டிரைவர் ததேயுஸ். டிரைவர்களின் பத்து நிமிடத்தை நம்பியவர்கள் கதி தெரிந்ததுதானே. அரை மணி நேரம் கழித்தும் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சூரியன் வேளிமலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"போச்சே பிள்ளே" என்றாள் பக்கத்து சீட்டு கிளாரா. எஸ்டேட்டில் மீன் விற்றுத் திரும்புகிறவள். ஒன்பது வருடப் பஸ் சிநேகிதத்தில் களா விவகாரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"மலைக்க பின்னால போனா கணக்கில்ல மக்கா. அடிவானத்துல மறையணும். அதுக்கு முந்தி ஒரு ரக்அத் கிட்டினா அசர் கிட்டிச்சு."

ஒரு ரக்அத் என்பது நின்று, குனிந்து, இருமுறை நெற்றியை நிலத்தில் வைக்கும் ஒரு சுற்று. அவ்வளவு இழுத்தடிப்பது நல்லதல்ல என்பதும் சட்டம்தான். அதை அந்த நேரத்தில் யார் நினைவுபடுத்துவது?

அடிவானத்தை அங்கிருந்து எப்படிப் பார்ப்பது? கிளாரா போனை எடுத்து, கடியப்பட்டணம் கடற்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த புருஷன் யூஜினைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"கடல்ல சூரியன் நிக்குதா?"

"நிக்குது. ஒரு விரல் உயரம் இருக்கும்."

பஸ்ஸே பரபரத்தது. கண்டக்டர் டிஜோ தண்ணீர் பாட்டிலைச் சாய்க்க, பல்கீஸ் கீழே இறங்கி முகம் கைகால் கழுவி ஒளு எடுத்தாள். கிளாரா மூட்டையிலிருந்து ஒரு நைட்டியை உருவிச் சாலையோரம் விரித்தாள். அதில் கிளிகள். "தொழுகைக்கு உயிருள்ள படம் வேண்டாம்டி" என்றதும் பூப்போட்டது வந்தது. மேற்கில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நின்று, அல்லாஹு அக்பர் என்று கை உயர்த்திப் பல்கீஸ் தக்பீர் கட்டினாள்.

போனை அணைக்கக் கிளாராவுக்குத் தோன்றவில்லை.

"ஏட்டி," என்றது போன், "கல்யாணம் கழிஞ்சு இருவத்திரண்டு வருசம். ஒருநாளும் நீ என்னய சூரியனப் பாக்கச் சொன்னதில்ல. என்ன, இண்ணைக்கு எம்மேல பாசமா?"

பஸ் சன்னல்களெல்லாம் சிரித்தன. பல்கீசுக்கு வயிறு குலுங்கியது. புன்னகைத்தால் தொழுகைக்கு மோசமில்லை, சத்தம் வந்தால் முறியும். உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். நெற்றி வைத்தபோது முதுகு நடுங்கியது. இரண்டாம் ரக்அத்துக்கு அவள் எழுந்து நின்றதும் யூஜின் சொன்னார்: "போச்சு. முழுசாத் தாந்திட்டு."

ஒரு சுற்று கிடைத்துவிட்டது. ஆனால் இனிச் சிரித்தால் முறியும், முறிந்தால் திரும்பத் தொழுவது களா, களாவானால் வியாபாரம் போச்சு. இன்னும் மூன்று ரக்அத் இருந்தது. அல்லாவே, இந்த மனுசனுக்க வாய அடைச்சுத் தா என்று நெஞ்சுக்குள் கெஞ்சினாள்.

அடையவில்லை. "ஏட்டி, சூரியன்தான் போச்சே, நான் வீட்டுக்குப் போட்டா? இல்ல, நிலாவையும் பாக்கணுமா?"

ததேயுஸ் ஜாக்கியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பல்கீஸ் கண்ணில் நீர் வழிய வழிய நாலாவது ரக்அத்தையும் முடித்தாள். முகம் திருப்பி வலப்பக்கம் சலாம் கொடுத்தாள், இடப்பக்கம் கொடுத்தாள், அப்படியே பூப்போட்ட நைட்டியில் சரிந்து விழுந்து சிரித்தாள்.

"கிட்டிச்சா?" என்றாள் கிளாரா.

"கிட்டிச்சு மக்கா, கிட்டிச்சு." அந்தச் சந்தோஷம் சொல்லி மாளாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சூரியன் மறைந்ததும் தொழ வேண்டிய மஃரிபுக்கு எழுந்து நின்றாள். மூன்று முறை தக்பீர் கட்டினாள், மூன்று முறையும் சிரிப்பு வெடித்து முறிந்தது. அதற்கு நேரம் தாராளமாக இருந்தது.