அப்பாவின் மனையில் புல் போட்டேன்

இந்த ஊரில் வாசலில் புல் முளைத்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஸ்ரீரங்கத்துக்கு வந்த மூன்றாம் நாள், நாங்கள் ஒண்டியிருந்த மாட்டுக்கொட்டகை வாசலில் நாலு அருகம்புல் தலைநீட்டியிருந்தது. காவிரிக்குக் குளிக்கப் போன எதிர்வீட்டு அம்மாள் குனிந்து அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குடியிருக்கிற இடத்தில் புல்லை வளரவிடாதீங்க, ஆகாது என்று அம்மாவிடம் சொல்லிப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரங்கூனில் இருபது வருஷம் நான் சோறு தின்றதே வாசலில் புல் வளர்த்துத்தான். ஏரிக்கரைத் துரைமார் கிளப்பில் நான் தோட்ட மேஸ்திரி. புல்தரையில் ஒரு மஞ்சள் இலை தெரிந்தால் அன்றைக்குத் துரைக்கு டீ இறங்காது.

ஜப்பான் சண்டைக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே வந்து, இன்று ஆளுக்கொரு ஜில்லாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர்க்காரர்களும் படிக்கட்டும், கொஞ்சம் சுடட்டும். அங்கே பர்மியர்கள் நம்மைக் 'காலா', அதாவது அந்நியன் என்றார்கள். இங்கே பர்மாக்காரன் என்கிறார்கள். லுங்கியோடு பெரிய கடைவீதிக்குப் போனால் கடைக்காரர் ஸலாம் சொல்லி, "வாங்க பாய், எந்த ஊரு?" என்கிறார். ஸ்ரீரங்கம் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். சொந்தச் சித்தப்பா அதைச் செய்யவில்லை.

அப்பா வழியிலேயே போய்விட்டார். மலைப்பாதையில் பேதி கண்டு, இரண்டு நாள் என் முதுகில் கிடந்து, மூன்றாம் நாள் காலையில் அடங்கிவிட்டார். கடைசியாக அவர் சொன்னது சாமி பேரல்ல. "புத்தூர்ல நம்ம மனை இருக்குடா. உய்யக்கொண்டான் கரை, ரெட்டைப் புளியமரத்துக்கு மேக்கால. அம்மாவை அங்க கொண்டு சேத்துடு." அவர் உழைத்து வாங்கிய மனை. கிரயத்துக்கு ரங்கூனிலிருந்து வர முடியாமல், தம்பிதானே என்று சித்தப்பா பேரில் எழுதச் சொல்லியிருந்தார். கடல் தாண்டிப் போன நம்மவர்களில் பாதிப்பேர் செய்த தப்பு இதுதான். வந்து கேட்டபோது சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, நாக்கூசாமல், "எந்த மனை?" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவர் குடி விளங்கக்கூடாது என்று மனசுக்குள் சபித்தேன்.

ஆடி பிறந்ததும் அவரே என்னைத் தேடிவந்தார். வக்கீல் ஒருவர் புதுப் பங்களா கட்டியிருக்கிறாராம். ஆவணிக் கடைசியில் பெண்ணுக்குக் கல்யாணம். கலெக்டர் பங்களாவில் இருப்பதுபோல முன்னால் 'லான்' வேண்டுமாம், அதில் நாற்காலி போட்டு டீ பார்ட்டியாம். என் அண்ணன் மகன் ரங்கூனில் துரைகளுக்கே புல் போட்டவன், நாற்பது நாளில் முடித்துவிடுவான் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. அவர் மகன் சுந்தரத்தை அந்த வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்க்கவேண்டும். மறுநாள் போய் நின்றேன். முன்னால் உய்யக்கொண்டான் வாய்க்கால். கிழக்கே இரண்டு புளியமரம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. அப்பா சொன்ன அதே மனை. சித்தப்பா அதை வக்கீலுக்கு விற்றுவிட்டிருக்கிறார்.

புல்தரைக்கு நிலம் பண்படுத்துவது விளையாட்டு வேலை இல்லை. ஒன்றரை அடி ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, சல்லடையில் சலிக்கவேண்டும். முக்கியமாகக் கோரைக்கிழங்கு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. பட்டாணி அளவில் ஒன்று தங்கினால் போதும், அதுவே நூறாகி நல்ல புல்லைத் தின்றுவிடும். அதனால் கொத்திய மண்ணுக்குத் தண்ணீர் விட்டு, கோரையை முளைக்க வைத்து, கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகுதான் மேலே வண்டலும் எருவும் போட்டு மட்டப்பலகை இழுப்போம். இதை நான் சொன்னபோது வக்கீல் வீட்டுக் காரியஸ்தர், இவ்வளவும் எத்தனை மாட்டுக்கு என்று கேட்டார். மாட்டுக்கில்லை, மனுஷருக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

என் அப்பா மண்ணை நானே கொத்தினேன். நானே சலித்தேன். எடுத்த கோரைக்கிழங்கு மூன்று சாக்கு தேறியது. வாய்க்கால் கரையில் தோண்டி இன்னும் இரண்டு சாக்கு சேர்த்தேன். பிறகு ஐந்து சாக்கையும் அந்த மண்ணிலேயே நாலு விரல் ஆழத்தில் பரப்பி மூடினேன். மேலே முறைப்படி அருகம்புல்லை நறுக்கிச் சாணியில் குழைத்துப் பூசி, கல்லுருளை விட்டேன். கல்யாணத்தன்று தரை முழுக்கக் கோரை குத்திட்டு நிற்கவேண்டும், வக்கீல் சித்தப்பாவைச் சபையில் வைத்துக் கிழிக்கவேண்டும், சுந்தரம் வேலை அதோடு போகவேண்டும். மூடும்போது ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. சந்தோஷமாக இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நான் குரங்கு பிடித்தேன், பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார். அருகு தரையில் படர இரண்டு மாசமாவது வேண்டும். கோரை பத்தே நாளில் எழும்பி, கல்யாணத்துக்குள் பங்களா வாசல் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. இந்த ஊரில் லானைக் கிட்டத்தில் பார்த்தவர் யார்? வந்தவர்கள் எல்லாரும் வாய் பிளந்தார்கள். லால்குடியிலிருந்து நெல் ஏற்றிவந்த வண்டிக்காரர் மட்டும் குனிந்து பார்த்து, "என்னங்க, இது எங்க வயக்கோரை மாதிரியில்ல இருக்கு? இதைப் புடுங்கியே எங்க முதுகு போச்சுங்க" என்றார். சித்தப்பா அவரை ஒரு அதட்டு அதட்டினார். அது ரங்கூன் புல்லாம், பட்டிக்காட்டானுக்கு என்ன தெரியுமாம். வக்கீலும் தலையாட்டினார். சுந்தரம் அடுத்த வாரமே குமாஸ்தா ஆனான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் வக்கீல் என்னையும் விடவில்லை. ரங்கூன் புல்லை ரங்கூன்காரன்தான் பராமரிக்க வேண்டும், பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, தாயாரோடு வந்துவிடு என்றார். அப்படித்தான் அப்பா சொன்ன இடத்தில் அம்மாவைக் கொண்டு சேர்த்தேன். வந்த அன்று அம்மா தரையோரத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். அடுப்படி கிழக்கே வரணும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரே, அது எந்த எடம்டா என்றாள். நாற்காலிகள் போட்டிருந்த இடத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்து, நான் புதைத்த கோரையை நானே பிடுங்குகிறேன். பிடுங்கப் பிடுங்க வருகிறது. என் கோபம் போலத்தான், அதுவும் ஓய்வதாயில்லை.

மகன் வேலையைச் சாக்காக வைத்துச் சித்தப்பா மாசம் ஒருமுறை வக்கீலைப் பார்க்க வருவார். போன தடவை காலையில் வந்தார், பளபளவென்று புதுச் செருப்பு. நேரே தரையில் கால் வைக்கப் போனார். நான் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு குறுக்கே போய் நின்றேன்.

"செருப்பை இங்கேயே கழட்டிட்டு வாங்க சித்தப்பா. புல்லு நசுங்கும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. வராந்தாவில் வக்கீல் இருந்ததால் குரலைத் தாழ்த்தி, "எவன் மண்ணுக்குடா நான் செருப்பைக் கழட்டணும்?" என்றார்.

"எங்கப்பா மண்ணுக்கு."

வக்கீலுக்குச் செருப்பைக் கழற்றச் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. பேப்பரை இறக்கி, "அவன் சொல்றபடி செய்யுங்க, புல்லு விஷயத்துல நானே அவன் பேச்சைத்தான் கேக்கறேன்" என்று சிரித்தார். சித்தப்பா குனிந்தார். வாரை அவிழ்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை. வெறுங்காலோடு ஈரத்தில் அவர் முன்னால் நடந்தார், பின்னால் பூவாளியோடு நான் நடந்தேன். எனக்கும் அந்தத் தரையில் செருப்புப் போட உத்தரவு கிடையாது.