பள்ளத்தூரில் எடுத்த ரத்தம்

எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் ரத்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சிறுநீரகம் மாற்றுவதற்கு முன்னால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பொருத்தம் பார்ப்பது என் வேலை. என் சொந்த ஆராய்ச்சி எலும்பு மஜ்ஜையைப் பற்றியது. ரத்தம் எலும்புக்குள் இருக்கும் அந்தச் சிவந்த கூழில்தான் பிறக்கிறது. அதிலுள்ள மூல அணுக்களை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குச் செலுத்தினால் அவை அங்கே போய்த் தங்கிப் புது ரத்தம் உண்டாக்கும் என்று வெளிநாடுகளில் சிலர் செய்து காட்டத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் இன்னும் எலிகளைத் தாண்டவில்லை.

அப்போதுதான் காரைக்குடியிலிருந்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள். பல் துலக்கும்போது வந்த ரத்தம் நிற்கவில்லை. கைகால்களில் அடிபடாமலே கன்றிப்போன திட்டுகள். அவள் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தேன். அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் துளிகள் மட்டும் தெரிந்தன. வேறு தகடு, வேறு இடம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான் எடுத்த விதத்தில் ஏதாவது பிழை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிழை எதுவும் இல்லை. மஜ்ஜை வற்றிப்போயிருந்தது.

மற்றவர்களின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருந்தோம். ஏற்றியது சில நாள் தாங்கும், பிறகு மறுபடியும் உதட்டோரம் கசியும். காலையில் அவள் அறைக்குள் நுழையும்போதெல்லாம் என் கண் முதலில் தலையணை உறைக்குத்தான் போகும்.

எங்கள் தலைமை மருத்துவர் வெளிநாட்டில் தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையோடு பேசினார். கூடப்பிறந்தவர்களில் யாருடைய மஜ்ஜையாவது பொருந்தினால் அழைத்துவரலாம் என்றார்கள். அவளுக்கு ஓர் அக்கா. அக்காவின் ரத்தத்தைச் சோதித்தேன். பொருந்தவில்லை.

அதைச் சொன்ன மறுநாள் அவளுடைய அப்பா, அவர்கள் பேச்சில் அப்பச்சி, ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். நான் அவர் ஊர்ப்பக்கத்து ஒக்கூர்க்காரி, விவசாயக் குடும்பம் என்று தெரிந்ததிலிருந்து என்னிடம்தான் எதையும் பேசுவார்.

"கூடப்பிறந்தது இன்னொண்ணு இருக்கு டாக்டரம்மா" என்றார். "ஆனா அது எங்க பிள்ளையில்ல."

பிள்ளையில்லாத வீட்டுக்குப் உறவில் ஒரு பிள்ளையைத் தத்தாகக் கூட்டிக்கொள்வது அவர்கள் சமூகத்தில் வழக்கம். அக்காவுக்கும் இவளுக்கும் நடுவில் பிறந்த மகனை மூன்று வயதில் பள்ளத்தூரில் ஓர் ஆச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் பெற்ற தாய் போய்ப் பார்ப்பாள். அவள் திரும்பிப் போனதும் பிள்ளை அழுது அழுது காய்ச்சலில் விழும். ஒருநாள் அந்த ஆச்சி, இனிமேல் வராதீக என்று சொல்லிவிட்டார். இவர்களும் போகவில்லை. அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"நான் போய்க் கேக்க முடியாது. குடுத்துட்டுத் திரும்பக் கேக்குற மாதிரி ஆயிரும்" என்றார். "நீங்க போனா வைத்தியம்னு எடுத்துக்குவாக."

நான் போனேன். காரைக்குடியில் ரயிலைவிட்டு இறங்கி, பள்ளத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது சித்திரை வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாதபடி சுட்டது. மடியில் ஊசியும் குப்பிகளும் வைத்த கூடை. கேட்க வேண்டியதை மனதுக்குள் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில் அது ஒரு தாயிடம் அவள் மகனின் எலும்பில் ஊசி போட அனுமதி கேட்பதாகத்தான் முடிந்தது.

ஆச்சிக்கு அறுபது வயதிருக்கும். விதவை. வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி. "இங்குட்டு உக்காருங்க, காத்து வரும்" என்று இடம் காட்டினார். மோர் குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்ல, அவர் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

"அவுக அனுப்புனாகளா?"

"ஆமா ஆச்சி."

"எங்குன குத்துவாக?"

"இப்ப கையில கொஞ்சம் ரத்தம் மட்டும். பொருந்துனா, அங்க கொண்டுபோயி மயக்கம் குடுத்து, இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜையை எடுப்பாக. கொஞ்ச நாள் இடுப்பு வலிக்கும். எடுத்தது உடம்புல திரும்ப ஊறிரும்."

"மயக்கம் குடுத்து எந்திரிக்காமப் போனவுக உண்டா?"

"எங்கயாச்சும் உண்டு ஆச்சி. ரொம்ப அபூர்வம்."

"இந்த வைத்தியத்துல பொழைச்சவுக யாராச்சும் இருக்காகளா?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். "இருக்காக. பொழைக்காதவுகதான் கூட. ஆனா இது இல்லாட்டி அந்தப் பொண்ணுக்கு வேற வழியில்ல."

மகன் அதுவரை தூண் ஓரமாக நின்றிருந்தார். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது. காரைக்குடியில் கடை வைத்திருப்பவர். தங்கையைக் கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்திருப்பதாகவும் பேசியதில்லை என்றும் பிற்பாடு என்னிடம் சொன்னார். அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "எலும்பை உடைப்பாகளா?" இல்லை என்றேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஆச்சி அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "ரத்தம் எடுத்துட்டுப் போங்க. பொருந்தலைனா அதோட விட்ருங்க. அவன் அங்க வர மாட்டான். பொருந்துச்சுன்னா அப்புறம் பேசுவோம்." பிறகு தன் வலக்கையை என் முன்னால் நீட்டினார். "முதல்ல எனக்கு எடுங்க."

"உங்களோடது வேண்டியதில்ல ஆச்சி. கூடப்பிறந்தவுகளோடதுதான் சேரும்."

"தெரியும். எப்படி வலிக்குதுன்னு நான் பாக்கணும்ல. எடுத்ததைக் கீழ ஊத்திராதீக, அதையும் பாத்துச் சொல்லுங்க."

எடுத்தேன். ஊசி இறங்கும்போது அவர் கண்ணை மூடவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான், வா" என்றார்.

அந்தக் குப்பிகளைச் சென்னைக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. சோதனைக்கு வெள்ளணுக்கள் உயிரோடு இருக்க வேண்டும். வெயில் பட்டாலும் சாகும், ஐஸில் வைத்தாலும் கெடும். ஆச்சி வீட்டில் ஆளை அனுப்பி ஐஸ் வாங்கிவந்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குப்பிகளை ஈரத்துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்தேன். துணி காயக் காய நனைத்தேன். எதிரில் இருந்த அம்மாள் கூடைக்குள் என்ன, பூவா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் முதல் வேலையாக ஒரு சொட்டில் சாயம் விட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். செத்த அணு சாயத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், உயிருள்ளது வாங்காது. எல்லாம் தெளிவாகப் பளபளவென்று இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு மகனின் அணுக்களில் சோதனைச் சீரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதில் சாகின்றன என்று தங்கையின் முடிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. நம்ப முடியாமல் தலைமை மருத்துவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன்.

அதோடு முடியவில்லை. இருவரின் அணுக்களையும் ஒரே குப்பியில் வளர்த்து, ஒன்றை ஒன்று எதிர்க்கின்றனவா என்று பார்க்கும் சோதனை மிச்சமிருந்தது. அதற்கு ஒரு வாரம் போல ஆகும். அந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. குப்பிக்குள் அணுக்கள் வளர்ந்துகொண்டிருக்க, மேல்மாடியில் அவள் தொண்டைப் புண்ணோடு தண்ணீர் விழுங்க முடியாமல் கிடந்தாள். எது முந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் இறங்கியது. அணுக்கள் ஒன்றையொன்று எதிர்க்கவில்லை.

பள்ளத்தூருக்கு டிரங்க் கால் போட்டேன். "பொருந்திருச்சு ஆச்சி" என்றேன்.

கம்பி இரைச்சலில் என்னை இன்னொரு தரம் சொல்லவைத்தார். பிறகு, "என்னோடது?" என்றார்.

"பொருந்தல ஆச்சி."

"சரி. அவனைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வாரேன்."

பாஸ்போர்ட்டுக்கு அலைந்து, அதுவரை அந்தப் பெண்ணை ரத்தம் ஏற்றித் தாங்கி வைத்திருந்து, ஒருவழியாக விமானம் ஏற்றினோம். அப்பச்சியும் மகளும் ஒரு வரிசையில், ஆச்சியும் மகனும் பின்வரிசையில். பெண்ணின் தாய் சென்னையிலேயே தங்கிவிட்டாள். தினமும் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சேதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்கோ, சேதி வராத நாளும் பயம், தந்தி வந்தாலும் பயம். மஜ்ஜை செலுத்தியாயிற்று என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. செலுத்தியது ஊன்றாமல் போனால் அவளுடைய பழைய மஜ்ஜையும் இல்லை, புதியதும் இல்லை. மிச்சமிருந்த பழையதை மருந்து கொடுத்து அழித்துவிட்டுத்தான் புதியதைச் செலுத்துவார்கள். அது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவள் பெஞ்சில் இருக்கும்போது நான் உள்ளேயே வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருப்பேன்.

பிறகு ஒருநாள் மதியம் தந்தி வந்தது. அவள் ரத்தத்தில் ஆண் அணுக்கள் தெரிகின்றன என்று. அண்ணனின் மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் சாட்சி. வெளியே போய், "பிடிச்சிருச்சும்மா. புது ரத்தம் ஊறுது" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வாரமும் மகளைப் பற்றி மட்டுமே கேட்டவள், அன்றைக்கு மெதுவாகக் கேட்டாள்: "அவனுக்கு ரொம்ப வலிச்சுச்சாமா?"

அதோடு சுகப்பட்டுவிடவில்லை. புது அணுக்கள் அவள் உடம்பையே அந்நியமாக நினைத்து எதிர்த்தன. தோல் சிவந்து உரிந்தது, வயிறு நிற்காமல் போயிற்று. இதில்தான் பலர் போய்விடுகிறார்கள் என்று நான் படித்திருந்தேன். அவள் தாண்டினாள். ஏன் அவள் மட்டும் தாண்டினாள் என்று கேட்டால் இன்றும் எனக்குப் பதில் தெரியாது.

மாதங்கள் கழித்து, தலையில் பிஞ்சு முடியோடு காரைக்குடி திரும்பினாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அவள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவேன். அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணன் அந்த வீட்டுக்கு அதிகம் வரவில்லை. வந்தாலும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போவார். அடிக்கடி வந்தது ஆச்சிதான். பள்ளத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, அவள் நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்ப்பார்.

ஒருமுறை நான் போயிருந்தபோது, அவள் தேர்த் திருவிழாவுக்குப் போகலாமா கூடாதா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. பெற்ற தாய் போகட்டும் என்றாள். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தக் கூட்டத்துல எவன் என்ன சீக்கோட வாரானோ. டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். போனால் ஒன்றும் ஆகாது என்று எண்ணிக்கை சொன்னது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.