பின் சீட்டுப் பரிசோதனை

என் கணவருக்குக் கார் வாங்குவதில் அவ்வளவு ஆசை கிடையாது. காரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்தான் ஆசை. இரத்தினபுரி பஜாரில் இருக்கும் எங்கள் ஹாட்வெயார் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கூட, எந்தக் காரின் பிரேக் நம்பக்கூடாதது என்று தெரிந்துகொண்டுதான் வெளியே போக முடியும். வாகன இறக்குமதிக்குப் போட்டிருந்த தடை நீங்கி, கப்பலில் புது வண்டிகள் வந்து இறங்கத் தொடங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, யார் யாரோ கார் ஓட்டிப் பார்த்துப் பேசுகிற வீடியோக்களைப் பார்த்தார். பருப்பில் உப்பில்லாத அன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

அவர் மனதில் வைத்திருந்தது நடுத்தர அளவில் ஒரு ஜப்பான் கார். அதன் பழைய மொடல் ஊரெல்லாம் ஓடுகிறது. இது முகத்தையும் உடம்பையும் மாற்றிச் செய்த புது மொடல். வெறும் பெற்றோலில் ஓடுவது ஒன்று, பற்றரியும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் ஒன்று என்று இரண்டு வகை. கார் விற்பவர் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அவருடைய கட்டடமே எங்கள் கடைச் சீமெந்தில்தான் எழும்பியது. அந்த உரிமையில் ஒரு ஞாயிறு ஒரு வண்டி, மறு ஞாயிறு மற்ற வண்டி என்று ஓட்டிப் பார்க்க இவர் சம்மதம் வாங்கிவிட்டார்.

பார்க்கப் போன முதல் நாளே கடையிலிருந்து ஒரு செங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். என் அம்மா இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில், தேயிலை பக்டரியைத் தாண்டியதும் ரோட்டின் நடுவில் ஒரு கல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. செங்கல்லை நிறுத்தி வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார். பளபளவென்று நின்ற காருக்கு அடியில், நல்ல சட்டையோடு தரையில் படுத்து, செங்கல்லை நிறுத்தி நகர்த்திப் பார்த்தார். செங்கல் மயிரிழையில் தப்பியது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "பாஸ்" என்றார்.

பிறகு தீர்ப்புகள் வரிசையாக வந்தன. முன் லைட் இரண்டையும் கோபக்காரனின் கண் மாதிரி இடுக்கிவிட்டார்களாம். கூரையைத் தாழ்த்தியதால் வாழைக்குலையை நிமிர்த்தி வைக்க முடியாதாம். கியர் போடுகிற தண்டு இருந்த இடத்தில் வானொலிப் பெட்டியின் குமிழ் போல ஒன்றை வைத்திருப்பது கையாலாகாத வேலையாம். கதவின் கைப்பிடியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார். விற்பனையாளர் பொறுமையான சிங்கள மனிதர். என் கணவரிடமிருந்து தப்பி என்னிடம் வந்தார். ஹைபிரிட்டைத் தொட்டுக் காட்டி, "சத்தயக் நே, மிஸ்" என்றார். சத்தமே இல்லையாம். மலை ஏறினாலும் வீட்டு ஹோலில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்குமாம்.

"வீட்டு ஹோலில் வாந்தி எடுத்தால் துடைப்பதும் நான்தான்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய், பின் சீட்டுக்குப் பொலித்தீன் உறை எடுத்து வந்தார்.

நான் சொன்னது விளையாட்டில்லை. பஸ், வான், ஓட்டோ, யாருடைய காராக இருந்தாலும் சரி, வளைவு தொடங்கினால் எனக்கு வாந்தி தொடங்கும். பலாங்கொடையைத் தாண்டி அம்மாவின் தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் வளைவைத் தவிர வேறொன்றும் கிடையாது. கடையின் சின்ன லொறியை டவுனுக்குள் நானே ஓட்டுவேன். அதில் மட்டும் வந்ததில்லை. டவுனுக்குள் வளைவு ஏது என்று என் கணவர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

வாந்தியாவது எடுத்துத் தீர்ந்துவிடும். எனக்குப் பொறுக்காதது அதற்குப் பிறகு நடப்பது. வருகிறோம் என்று சொன்னாலே அம்மா நாட்டுக்கோழி ஒன்றைப் பிடித்துவிடுவாள். மிளகு அரைத்துப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, விறகடுப்பில் குழம்பு வைப்பாள். அது மாப்பிள்ளைக்கு. எனக்கு ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு பேசின், எலுமிச்சம்பழத் தண்ணீர், மாலையில் கொஞ்சம் கஞ்சி. கல்யாணமாகிப் பதினாறு வருசம் இதே நடைமுறைதான். நான் பாயில் புரண்டுகொண்டு குழம்பு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பேன். இறங்கி வரும்போது அம்மா வாளியில் போட்டுத் தருகிற குழம்பை நான் மடியில் வைத்தால் அதுவே போதும், கீழே வரைக்கும் வாந்தி எடுப்பதற்கு. அதனால் அதையும் வேண்டாம் என்பேன்.

தலை தெளிந்ததும் இவரிடம், "கறி எப்படிங்க இருந்திச்சு?" என்று கேட்பேன்.

"நல்லா இருந்திச்சு" என்பார்.

அவ்வளவுதான். கதவின் கைப்பிடிக்கு அரை மணி நேரம் பேசுகிற மனிதர், என் அம்மாவின் குழம்புக்கு இரண்டு வார்த்தைதான் வைத்திருந்தார். எத்தனையோ தடவை எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது. இந்தக் காரில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் கையால் ஒரு நேரம் சாப்பிட வேண்டும். அதற்கு உதவாத கார் கூரை தாழ்ந்திருந்தால் என்ன, உயர்ந்திருந்தால் என்ன.

முதல் ஞாயிறு பெற்றோல் வண்டியில் போனோம். வழக்கம் போல நான் பின் சீட்டில் சாய்ந்துகொண்டேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் சஸ்பென்சன் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டு வளைவுகளில் திரும்பினார். மற்ற வண்டிகளில் நான் ஏற்றத்தின் தொடக்கத்தில் வருகிற பாலத்திலேயே முடிந்துபோவேன். அன்றைக்கு அதற்கும் மேலே இருக்கிற பிள்ளையார் கோயில் வரை தாக்குப்பிடித்தேன். கோயில் சந்தியில் நான் குனிந்து நின்றபோது இவர் கொஞ்சம் தள்ளி நின்று சிநேகிதர் ஒருவரிடம் போனில் பேசினார்.

"பழைய மொடல் பாலத்தோட சரி. இது கோயில் வரைக்கும் தாங்குது. முன்னேற்றந்தான்."

அவர் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் அந்த மனிதர் நினைத்திருப்பார். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறிப் படுத்தேன். அன்றைக்கும் பாய், பேசின், கஞ்சி. அன்றைக்கும் கறி நல்லா இருந்தது.

அடுத்த ஞாயிறு ஹைபிரிட். விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை, சமதரையில் கார் நகர்வதே தெரியவில்லை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் மரியாதையாக ஏதோ சொன்னது. முன்னால் இருந்த பெரிய திரையில், எஞ்சினிலிருந்து சில்லுக்கும் சில்லிலிருந்து பற்றரிக்கும் அம்புக்குறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிரேக் பிடிக்கிறபோது வீணாகிற சக்தியை எல்லாம் பற்றரி வாங்கிக்கொள்கிறதாம்.

"அதையே பாத்துக்கிட்டு வா. நெனப்பு மாறிரும்" என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் பிரேக்கை மிதிக்க, கார் என்னை முன்னால் இழுக்க, அம்பு பின்னால் ஓட, என் வயிறு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. பாலத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே நிறுத்தச் சொல்லிவிட்டேன். ரோட்டோரம் மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலி ஒன்று இருந்தது. ஓடிப்போய் முகத்தை அதற்கடியில் காட்டினேன். வாந்தி வரவில்லை. ஆனால் இன்னும் ஒரு வளைவு போதும் என்று தெரிந்தது.

அவர் காரில் சாய்ந்து நின்று என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். காருக்காகத்தான் வருத்தப்பட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"இந்தக் கார்ல வாந்தி வர வழியே இல்ல. எல்லாம் ஒன் மனசுதான்" என்றார்.

"அப்ப நீங்க பின்னால வாங்க" என்றேன்.

"யாரு ஓட்டுறது?"

"லைசன் எனக்கும் இருக்குங்க."

தோட்டத்து ரோட்டில் அவர் இதுவரை யாருக்கும் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. மறுப்பதற்கு வாயைத் திறந்தார். ஆனால் பின் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடும்பக் காருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அந்த வீடியோக்காரர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அது அவருக்கு ஞாபகம் வந்ததை நான் முகத்திலேயே கண்டேன்.

"சரி. பின் சீட்டையும் ஒருக்கா பாத்துறலாம்" என்று ஏறிக்கொண்டார். கால் நீட்ட இடம் தாராளம் என்றார். பொலித்தீன் உறைதான் வழுக்குகிறது என்றார். பிறகு போனை எடுத்து, காரின் விவரங்களை எனக்கு உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

நான் குமிழைத் திருப்பிப் புறப்பட்டேன். முதல் வளைவில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தேன். இரண்டாவதில் ஹோர்ன் அடிக்க மறந்து, எதிரே வந்த பஸ்காரரிடம் சிங்களத்தில் நல்ல வார்த்தை நாலு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. இந்த ரோட்டில் பத்து வருசம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தவள் நான். எந்த வளைவு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலம் வந்தது, போனது. கோயில் வந்தது. ஒரு கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு மேலே போனேன். அப்போதுதான் வயிற்றின் ஞாபகமே வந்தது. அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. சும்மா என்றும் சொல்ல முடியாது, பசித்தது.

பின்னால் வாசிப்பு நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். போன் மடியில் கிடந்தது. மனிதரின் முகம் பச்சைத் தேயிலை நிறத்தில் இருந்தது.

"என்னங்க, பின் சீட்டு எப்படி?" என்று கேட்டேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார். பக்டரி தாண்டியதும், "கல்லு, கல்லு" என்று தீனமாக ஒரு குரல் வந்தது. ஒரு பக்கத்துச் சில்லைக் கல்லின் மேலேயே ஏற்றி இறக்கினேன். அடியில் ஒன்றும் உரசவில்லை. ஆனால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது அவருக்குத் தாங்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி, அந்தப் புகழ்பெற்ற கைப்பிடியைத் தேடித் தடவினார். நிறுத்தினேன். இறங்கி, ரோட்டோரத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

ஏற்றத்தில் உறுமிக்கொண்டு வந்த எஞ்சின், தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்துக்கு முன்னாலுள்ள சமதரைக்கு வந்ததும் அடங்கிவிட்டது. வழக்கமாக வண்டிச் சத்தம் கேட்டதும் எலுமிச்சம்பழத் தண்ணீரோடு வாசலில் நிற்கிற அம்மா, அன்றைக்கு நாங்கள் வந்ததை அறியவே இல்லை. அவரைக் கைத்தாங்கலாக முன் அறைக்குக் கூட்டிப்போனேன். பாய் விரித்திருந்தது. தலையணை, பேசின் எல்லாம் தயார். அப்படியே படுத்துக்கொண்டார். நான் குசினி வாசலில் போய் நின்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தாள்.

"அம்மா, பசிக்குது" என்றேன்.

அம்மா திரும்பினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்புள எங்க?" என்றாள்.

"படுத்திருக்காரு. வாந்தி."

"ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன்."

அம்மா எழுந்தாள். தட்டு எடுத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள். பிறகு என் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, நான் முதல் கவளத்தை வாயில் வைப்பதைப் பார்த்தாள். உறைப்பு கண்ணில் நீர் வரவைத்தது. உறைப்பால்தான் என்று நான் சொன்னாலும் அம்மா நம்பியிருக்க மாட்டாள்.

"நீ சின்னதுல ஈரலுக்கு அழுவ" என்றாள். "இன்னமும் திங்கிறியான்னு எனக்குத் தெரியாது புள்ள. மாப்புளைக்குத்தான் வச்சேன்." சொல்லிக்கொண்டே ஈரலைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தாள். பதினாறு வருசம் வந்து போயிருக்கிறேன். என் அம்மாவுக்கு நான் என்ன சாப்பிடுவேன் என்று தெரியாமல் போயிருந்தது. அந்த ஈரலை வாயில் போட்டேன். அதற்குப் பிறகும் சாப்பிட்டேன், நிறுத்தவில்லை. எனக்கென்று வடித்து வைத்திருந்த கஞ்சியை அம்மா ஒரு கோப்பையில் ஊற்றி முன் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பாயிலிருந்து குரல் கேட்டது.

"கறி எப்படி இருக்கு?"

எலும்பை வாயிலிருந்து எடுத்தேன். முதலில் மிளகைச் சொன்னேன், நாக்கில் படும்போது தெரியாமல் தொண்டையில் இறங்கும்போது எப்படித் தெரிகிறது என்று. பிறகு தேங்காய்ப்பாலை எந்த நேரத்தில் விட்டிருக்கிறாள் என்று சொன்னேன். கால் சதை எலும்பிலிருந்து கழன்று வருகிற விதம், ஈரலின் பதம், தட்டின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கிற நிறம் என்று ஒன்றையும் விடவில்லை. கழுத்துத் துண்டுக்கு வந்தபோது, "போதும்" என்று பாயிலிருந்து முனகல் கேட்டது. பேசின் நகர்ந்தது.

"இன்னும் இருக்குங்க" என்றேன். அம்மா எனக்கு இன்னோர் அகப்பை ஊற்றினாள்.