லண்டனுக்கு ஒரு மனு, கூடவே ஒரு கூடை மல்கோவா

என் எதிரில் இரண்டே ஊர்கள் இருந்தன. ஒன்று லண்டன், இன்னொன்று உத்தனப்பள்ளி. லண்டனில் பொருளாதார மேற்படிப்பு இருந்தது. உத்தனப்பள்ளியில் என் தாய்மாமன் இருந்தார். லண்டனுக்குப் போக ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், பேராசிரியர்களிடம் சான்று வாங்க வேண்டும், சென்னையில் ஒரு குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். உத்தனப்பள்ளிக்குப் போக எதுவுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், தாலி தானாக வந்து கழுத்தில் ஏறும்.

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கு உத்தனப்பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் ஓசூர் என்றால் தொழிற்சாலைச் சங்கு, ஷிப்டு பஸ் என்கிறார்கள். அன்றைக்கு அது ராகி விளையும் வறண்ட ஊர். நாங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம். மாந்தோப்பு வைத்திருந்ததால் எங்கள் வீட்டாருக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். சென்னையில் விடுதியில் தங்கி நான் பி.ஏ. படித்தது என் படிப்பு ஆசையால் என்று யாரும் நினைக்க வேண்டாம். யாரோ ஒரு ஆர்.டி.ஓ.வின் மகள் அங்கே படிக்கிறாள் என்று நைனா கேள்விப்பட்டார். உடனே தன் மகளும் அங்கே படிக்க வேண்டும் என்று ரோஷம் வந்துவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

மாமன் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருக்கக்கூட கொஞ்சம் புத்தி வேண்டும். அவர் உலகம் ஓசூர்ச் சந்தையில் தொடங்கி ராயக்கோட்டைச் சந்தையில் முடிந்துவிடும். மத்திகிரி மாட்டுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்த காளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். அக்காள் மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் உரிமை. அந்த உரிமைக்காரர் நான் பி.ஏ. முடிக்கும்வரை எனக்காகக் காத்திருந்தாராம். அதற்காக ஊரே அவரை மெச்சியது. காத்திரு என்று நான் சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை யாராவது கேட்டார்களா?

கடைசி வருடத்தில் என் பேராசிரியை ஒரு செய்தி சொன்னார். பல தேசத்து மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பொருளாதாரப் படிப்பு ஒன்று லண்டனில் இருக்கிறது. நம் பக்கத்து மாணவர்களைச் சென்னையில் இருக்கும் ஒரு குழு நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். குழு சரி என்றால் இடமும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. வேண்டாம் என்றால் இரண்டும் கிடையாது. நான் மனுவை எழுதினேன். உங்கள் ஊரின் பொருளாதாரச் சிக்கல் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மாமரம் பூப்பதற்கு முன்பே மெட்ராஸ் மண்டிக்காரன் முன்பணம் கொடுத்து விவசாயியின் கையைக் கட்டிப்போடுகிறான் என்று எழுதினேன். நல்ல கட்டுரை. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, அது நல்ல கட்டுரைதான்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அதை நைனாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "மண்டிக்காரரப் பத்தி என்னாத்துக்கு எழுதுன? மெட்ராஸ் போனா அவரு ஊட்லதான தங்கோணும்?" என்றார். என் பொருளாதார ஆராய்ச்சிக்கு எங்கள் வீட்டில் கிடைத்த விமர்சனம் அவ்வளவுதான்.

அதுவரை நைனாவுக்கு இதில் எந்த ஈடுபாடும் இல்லை. பொண்ணு ஏதோ எழுதிப் போடுகிறாள், பதில் வராது, ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இருந்தார். அப்படியே இருந்திருக்கலாம், புண்ணியமாகப் போயிருக்கும். ஆனால் நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் குழுவிடமிருந்து தபால் வந்துவிட்டது. தபால்காரர் அதை என்னிடம் தருவதற்கு முன்னால் டீக்கடையில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் மாமன் உத்தனப்பள்ளியிலிருந்து வந்து இறங்கிவிட்டார்.

"ஏமி பாப்பா, லண்டன்ல ராகிக் களி கெடைக்குமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு நைனா பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க பேசாம இருங்க. மெட்ராஸ் பெரிய மனுசங்க நம்ம பட்டிக்காட்டுப் புள்ளைய எங்க தேறவைக்கப் போறாங்க? போயிட்டு வரட்டும், அழுதுட்டு வரும், அப்புறம் நான் பாத்துக்கறேன்."

சொன்னவருக்கு அது சாதாரணப் பேச்சு. நைனாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அதெப்படி தேறவைக்காம போவாங்க? நானும் பாக்கறேன்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து லண்டன் என் படிப்பு இல்லை. அது அவருடைய வழக்கு. வரப்புத் தகராறில் ஜெயித்த மாதிரி இதிலும் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஜெயிக்க எங்கள் ஊரில் ஒரே வழிதான் உண்டு. எந்த அதிகாரியைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோடு போகக்கூடாது. தாசில்தாரானால் பழம், மாட்டு டாக்டரானால் நெய், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரானால் வெல்லம். அதை லஞ்சம் என்று யாராவது சொன்னால் நைனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அது மரியாதை. கொடுக்காதவன்தான் மரியாதை தெரியாதவன். என் கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தது என் மதிப்பெண்ணால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, வார்டனம்மாவுக்கு அனுப்பிய நெய்யால் என்று அவர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் பஸ்ஸில் ஜோலார்பேட்டை போய் அங்கிருந்து ரயில் ஏறினோம். நைனாவின் காலடியில் பெரிய மூங்கில் கூடை ஒன்று, வைக்கோல் பரப்பி, மேலே சாக்குத் துணி போட்டுத் தைத்திருந்தது. உள்ளே மல்கோவா. கிணற்றடி மரத்துப் பழம், வியாபாரிக்குக் கொடுக்காமல் வீட்டுக்கென்று வைத்துக்கொள்கிற மரம். யாருக்கு என்று கேட்டேன். "மண்டிக்காரரு ஊட்டுக்கு" என்றார். மாம்பழ மண்டி வைத்திருப்பவருக்கு மாம்பழம் கொண்டுபோகிற மனிதரை எங்கே போய்ப் பார்ப்பது என்று தலையில் அடித்துக்கொண்டு, என் புத்தகத்தைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் அந்த மண்டிக்காரர் வீட்டில் நான் படித்துக்கொண்டிருக்கும்போது நைனாவும் அவரும் எங்கோ போனார்கள். கோயிலுக்கு என்றார்கள். திரும்பி வந்த நைனாவின் முகத்தில் கோயிலுக்குப் போன களை இல்லை, கோர்ட்டில் ஜெயித்த களை இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

நேர்முகம் அடுத்த நாள் காலையில். நீளமான மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். ஒருவர், லண்டன் குளிரை உன்னால் தாங்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர், படித்துவிட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டால் இந்த இடம் வீணாகிவிடாதா என்று கேட்டார். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த பையன்களிடம் குளிரைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் கேட்டார்களா என்று தெரியவில்லை. கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்பிள்ளைகளுக்குக் குளிராது போலிருக்கிறது. ஓரத்தில் இருந்த ஒரு கிழவர் மட்டும் என் கட்டுரையை உண்மையிலேயே படித்திருந்தார். மண்டிக்காரன் விலையை எப்படித் தீர்மானிக்கிறான் என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஆகா, பிடித்துவிட்டோம் என்று எனக்குள் சந்தோஷம் பொங்கியது.

அப்போதுதான் நடுவில் இருந்த தலைவர் வாயைத் திறந்தார். வெள்ளை வெளேரென்ற கதர், மடிப்புக் கலையவில்லை.

"விலையைப் பற்றி அழகாகப் பேசுகிறாய். நேற்று என் வீட்டுக்கு ஒரு கூடை வந்ததே, அதற்கு உன் அப்பா என்ன விலை வைத்திருக்கிறார்?"

"என்ன கூடை?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. சாக்குத் துணி, வைக்கோல், கோயிலுக்குப் போன கதை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

"உனக்குத் தெரியாதா? நல்லது. கூடையைத் திருப்பி அனுப்பிவிடும்படி வீட்டில் சொல்லிவிட்டேன். சுதந்திரம் வாங்கியது இந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான். நீ போகலாம்."

கட்டுரையைப் படித்த கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்தவர்களின் துணிச்சல் அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான் ஐயா, எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நானும் கத்தியிருப்பேன். ஆனால் அதற்குள் அடுத்த பையன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மண்டிக்காரர் வீட்டு வாசலில் நைனா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் அந்தக் கூடை. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

"பாப்பா, இங்க பாரு! இப்பத்தான் அவங்க ஊட்டு வேலைக்காரன் கொண்டாந்து குடுத்துட்டுப் போறான்."

எட்டிப் பார்த்தேன். கூடையில் ஒரு பழம்கூட இல்லை. வைக்கோலைத் தட்டிச் சுத்தம் செய்து, அடியில் இரண்டு எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் குங்குமப் பொட்டலமும் வைத்திருந்தது. கூடையைத் திருப்பி அனுப்பு என்று தலைவர் சொன்னார். அவர் வீட்டம்மாள் கூடையைத்தான் திருப்பி அனுப்பினாள். வெறும் கூடையாக அனுப்பக்கூடாது என்று நல்ல குடும்பத்துப் பெண்ணாக முறையும் செய்துவிட்டாள். நேர்மை தலைவருக்கு, மல்கோவா அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. எனக்கு எலுமிச்சம்பழம்.

"வெறுங்கூடையா அனுப்பல பாத்தியா? அந்தம்மா மொறை தெரிஞ்சவங்க. பண்டத்த எடுத்துக்கிட்டு இப்பிடி வெத்தல வெச்சு அனுப்புனா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். உன் வேல முடிஞ்சுது, போ! உங்க மாமன் மூஞ்சிய நான் பாக்கோணும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, ஆனால் உள்ளே போய் என் பெட்டியைக் கட்டத்தான் முடிந்தது. ரயிலில் எதிர்ச் சீட்டுக்காரர்களிடமெல்லாம், "எம்பொண்ணு லண்டன் போவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர்களில் ஒரு பெண் எனக்கு ஆசீர்வாதம் செய்தாள். ஜோலார்பேட்டை வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்தும் அவர் விடவில்லை. அந்தக் கூடையை நடுவீட்டு ஆணியில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். எலுமிச்சம்பழத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மாமன் வந்து பார்த்து, காளையைப் பற்றிக்கூட ஒரு சொல் சொல்லாமல் திரும்பிப் போனார். நைனாவுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இரட்டிப்பாக இறங்கியது.

மாங்காய்ப் பருவம் முடிகிற நேரத்தில் குழுவின் கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி. இந்தத் தடவை தபால்காரர் டீக்கடையில் காட்டவில்லை, நேராகக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. அடுத்த வாரமே மாமன் வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்து ஆவணியில் நாள் குறித்துவிட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போடுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "என் தம்பி இன்னும் எத்தன காலத்துக்குக் காத்துக்கிட்டு கெடப்பான்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

மாமன் வீட்டார் போன பிறகு நைனா கிணற்றடி மரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னா கொறை வெச்சேன்? ஒவ்வொரு பழமா நாந்தான பாத்துப் பாத்துப் பொறுக்குனேன்" என்று புலம்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பழத்தாலதான் போச்சு நைனா! எல்லாம் அந்தப் பழத்தாலதான்! நீங்க சும்மா இருந்திருந்தா நான் இந்நேரம் கப்பல் ஏறியிருப்பேன்!" என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "புளிச்சிருச்சா?"

கதரைப் பற்றி, லஞ்சத்தைப் பற்றி, அந்த அம்மாளின் வெற்றிலையைப் பற்றிச் சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? அவர் எழுந்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பழத்தைப் பறித்தார். மடியிலிருந்து கத்தியை எடுத்து அறுத்து ஒரு துண்டைத் தின்று பார்த்தார்.

"தேனாட்டந்தான இருக்குது?" என்று சொல்லி ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

வாங்கித் தின்றேன். தேன் மாதிரிதான் இருந்தது. ஆவணியில் உத்தனப்பள்ளிக்குப் போனேன்.