மிரேய் கையை எடுக்கவில்லை

ஈரச் சாக்ஸ் ஹீட்டரில் காயும் மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பசியால் இல்லை, பொறாமையால்... சொல்லிவிட்டேன். இனி ஆறுதலாகக் கதையைக் கேளுங்கள்.

மொன்றியலில் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில், முந்தித் தையல் ஆலையாக இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் அந்த ஸ்டூடியோ. பனியில் நனைந்த சாக்ஸை எல்லோரும் அங்கே ஹீட்டரில்தான் காயப் போடுவோம். ஒரு நவீன நடனக் கம்பனி, குளிர்காலம் முழுக்க இளம் ஆட்டக்காரர் சிலரைத் தங்களோடு வைத்துப் பயிற்சி கொடுத்தது. ரெசிடென்ஸி என்பார்கள். முடிவில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக எடுப்பார்கள். அந்த இடம் எனக்குத்தான் என்று வீட்டில் மட்டுமில்லை, கோயிலிலும் சொல்லி வைத்திருந்தேன்.

ஏன் சொல்ல மாட்டேன்? சின்ன வயதிலேயே பரதம் தொடங்கி அரங்கேற்றம் முடித்தவள் நான். அரைமண்டியில் இருந்தால் ஆடாமல் அசையாமல் இருப்பேன். "உன் அசைவுகள் நல்ல சுத்தம்" என்று இயக்குநர் முதல் கிழமையே சொன்னார்.

மிரேய் அப்போது மூலையில் நின்றாள். ஹெயிட்டிக் குடும்பத்துக் கறுப்பினப் பிள்ளை, மொன்றியலில் பிறந்தவள், என்னைவிட இளையவள். தேவாலயத்திலும் தெருவிலும் ஆடிப் பழகியது தவிர வேறு பயிற்சி இல்லை. எதையும் அவசரமாக ஆடி முடிப்பாள். யாரோடாவது முட்டினால் "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். இவள் எனக்குப் போட்டியே இல்லை என்று நினைத்து அவளோடு நல்ல அன்பாக இருந்தேன்.

வெள்ளையர் அல்லாதவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். படம் எடுக்க யாரும் வந்தால் எங்களை முன்னுக்கு இழுத்து விடுவார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்குவோம்...

காலையில் ஆடத் தொடங்கும் முன் நான் தட்டிக் கும்பிடுவேன். காலால் தட்டி, குனிந்து நிலத்தைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றுவது. பல் தீட்டுகிற மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான். ஒருநாள் மிரேய் பிரெஞ்சில் கேட்டாள். எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"நிலத்தோடை என்ன கதைக்கிறாய்?"

"மிதிக்கப் போறன், மன்னிச்சுக்கொள் எண்டு கேக்கிறது."

"அது என்ன சொல்லும்?"

"நிலம் என்னத்தைச் சொல்லும்? வா, நேரமாகுது."

அடுத்த நாள், "நானும் செய்யலாமோ?" என்று கேட்டாள். "செய்யன்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கறிவேப்பிலை கிள்ளிக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வளரத் தொடங்கினாள். என் கண்முன்னாலேயே... மூலையை விட்டு வந்தாள். அவசரம் போனது. பார்தோன் நின்றது. அவள் ஒரு கையை மெல்ல உயர்த்தினால் மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். என்னிடமோ இயக்குநர், "நீ யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய்?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு அசைவையும் முடித்துச் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரில் இருந்தது வெறும் சுவர்.

அம்மா வேறு. ஒருநாள் மிரேயை எங்கள் கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவளுக்குப் புட்டை அள்ளி வைத்துவிட்டு அம்மா என் காதுக்குள், "இந்தப் பிள்ளை நடந்து வாறதே ஆடுற மாதிரிக் கிடக்கு, என்ன?" என்றார். நான் என் புட்டை விரலால் கிளறிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் ஒவ்வொருவரும் தனியாக ஆடிக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டு ஆட்களையும் அழைத்திருந்தார்கள். நான் ஒரு பிழையும் விடாமல் ஆடினேன். நன்றாகவே கைதட்டினார்கள்.

பிறகு மிரேய் நடுவில் வந்து நின்றாள். இசை எதுவும் இல்லை. காலால் ஒருதரம் தட்டி, மெல்லக் குனிந்து, உள்ளங்கையை நிலத்தில் வைத்தாள். இப்போது கண்ணில் ஒற்றுவாள் என்று பார்த்தேன்...

கையை எடுக்கவில்லை. தலையைச் சரித்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் வரும் என்று காத்திருக்கிறவள் மாதிரி அப்படியே இருந்தாள். ஹீட்டர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கையிலிருந்துதான் முழு ஆட்டமும் எழும்பியது.

இடம் போய்விட்டது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. பக்கத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் அரங்கேற்றத்துக்கு அழாத அம்மா.

களவெடுத்துவிட்டாள் என்று சொல்லவும் வழியில்லை. கேட்டுத்தானே எடுத்தாள்... நான் எத்தனையோ வருடம் செய்ததை அவள் ஒரே ஒரு குளிர்காலம்தான் செய்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "உனக்கும் ஒண்டு கிடைக்கும்தானே, பேந்து பாப்பம்" என்றார்.

இப்போது மெட்ரோவில் மிரேயின் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. நான் பகலில் ஒரு பல் டொக்டரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் என்னை மறக்கவில்லை, புது நிகழ்ச்சி வந்தால் "உனக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன்" என்று மெசேஜ் வரும். போவேன். எரிந்துகொண்டே கடைசிவரை இருந்து பார்ப்பேன். ஒருதரமாவது சொதப்ப மாட்டாளா என்று பார்த்தால்... எங்கே.

என்னுடைய பிள்ளைகள் தட்டிக் கும்பிடுவதைப் பார்க்க வேண்டும். நிலத்தைத் தொட்டதும் சூடு பட்ட மாதிரிக் கையை எடுப்பார்கள். "உடனை எடுக்காதேங்கோ. கொஞ்சம் வைச்சிருங்கோ. நிலம் என்ன சொல்லுது எண்டு கேளுங்கோ" என்பேன்.

போன சனிக்கிழமை ஒரு தாய் வகுப்பு முடியும்வரை நின்றுவிட்டு வந்தார். "வேறை ஒருத்தரும் இப்பிடிச் சொல்லிக் குடுத்து நான் பாக்கேல்லை டீச்சர். ஆரிட்டைப் பழகினீங்கள்?"

"என்ரை குருவிட்டை" என்றேன்.

பொய்யில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பெயரைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.