அம்மா, எங்க போட்டியள்?

அன்று கண்ணாடி அறைக்குள் அழுதது என் மகளா, அவள் குரல் கொடுத்த படத்துப் பிள்ளையா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. மகளிடமே கேட்டேன். ஒரு நாள், "நடிச்சனான் அம்மா" என்றாள். இன்னொரு நாள் அதே கேள்விக்கு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆறு வயது. எந்த நாளின் பதிலை நான் நம்புவது?

நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அது அனிமே என்ற சித்திரப் படங்களைத் தயாரித்துத் தானே விநியோகமும் செய்யும் ஒரு ஜப்பானிய நிறுவனம். தொடக்கத்தில் பிறருடைய படங்களுக்கு, ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் வரும் சித்திரங்கள் வரைந்து கொடுத்த சிறிய பட்டறையாக இருந்ததாம். பிறகு சொந்தமாகப் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தை மற்றவர்கள் விற்று லாபம் பார்ப்பதைக் கண்டு, விற்பனையையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளுக்கு விநியோகிக்க சூரிச்சில் ஒரு கிளை திறந்தார்கள். படிப்பை முடித்த கையோடு நான் சேர்ந்தபோது அந்தக் கிளைக்கு இரண்டு அறைகள்தான். கீழே ரொட்டி சுடும் வெதுப்பகம், வாசலில் டிராம். டிஸ்க்குகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் நாளில் மேலாளர் முதல் எல்லோரும் நிலத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவோம். மற்ற நாட்களில் ஜெர்மன் வசன வரிகளைச் சரிபார்ப்பது என் வேலை. வரி எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும், வாய் மூடிய பிறகும் எழுத்து நிற்கிறதா என்று பார்ப்பேன். எதையும் இரண்டு தடவை பார்க்கும் என் குணத்துக்கு ஏற்ற வேலை.

எங்கள் மேலாளர் ஒரு சுவிஸ் பெண்மணி. நல்லவர். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நிறுவனம் ஒரு புதிய மொழியில் படம் வெளியிட்டால், அந்த மொழியில் 'ஆம்' என்ற சொல்லை யாராவது ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டும். கூடவே கேக்கும் வெட்டுவோம். நான் சேர்ந்தபோது சுவரில் சில தாள்களே இருந்தன. டிஸ்க் போய் எல்லாம் இணையத்துக்கு வந்த பிறகு, ஜப்பானில் அவர்கள் இன்னொரு சித்திரப்படக் கூடத்தையும் வாங்கிய பிறகு, சுவரில் இடம் போதவில்லை.

தமிழும் வந்தது. சென்னையில் ஒரு குழு தமிழில் குரல் சேர்க்கும் என்றார்கள். கிளையில் நான் ஒருத்திதான் தமிழ் என்பதால் அந்தக் குழுவோடு பேசும் வேலை எனக்கு வந்தது. தாளை என்னிடம் நீட்டினார்கள். 'ஓம்' என்று எழுதினேன்.

சமையலறையில் இருந்து நாங்கள் சேர்ந்த முதல் காணொளிக் கூட்டத்திலேயே, சென்னைக் குழுவின் இயக்குநர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன மேடம், சுவத்துல சாமி மந்திரம் எழுதி வெச்சிருக்கீங்க? ஆபீஸ்ல பூஜையா?"

"இல்லை, எங்கட தமிழில ஓம் எண்டா ஆமா எண்டுதான் அர்த்தம்."

"அப்போ நீங்க எதுக்குச் சரின்னு சொன்னாலும் மோட்சம்தான்!"

எல்லோரும் சிரித்தோம். டோக்கியோவில் இருந்து இணைந்திருந்த தயாரிப்பாளர் மட்டும் சிரிக்காமல் "ஹாய், ஹாய்" என்று தலையசைத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் திரும்பத் திரும்ப வணக்கம் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அது ஜப்பானிய மொழியில் 'ஆம்'. ஆனால் சம்மதம் என்று அர்த்தமில்லை, 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பது மட்டும்தான் என்று மேலாளர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். நானே பலருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

படத்தில் ஒரு சின்னப் பிள்ளை வருகிறாள். தீவில் இருந்து நகரத்துக்கு வந்தவள். மூலத்தில் அவள் பேசுவது தீவுப் பேச்சு. நகரத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தமிழில் அவளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் வைக்கலாமா என்று இயக்குநர் கேட்டார். எப்படி இருக்கும் என்று காட்ட, வீட்டில் மகளைச் சில வசனங்கள் சொல்லவைத்துத் தொலைபேசியில் பதிந்து அனுப்பினேன். மாதிரிக்குத்தான் அனுப்பினேன். டோக்கியோவில் கேட்டவர்கள், இந்தக் குரலே வேண்டும் என்றுவிட்டார்கள்.

நான் தயங்கினேன். கணவர் சிரித்தார். அவர் வில் நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். எதையும் கழற்றிப் பூட்டிவிடலாம் என்று நம்புகிறவர்.

"ரயில் கொஞ்சம் பிந்தினாலே ஆருக்கோ விபத்து எண்டு சொல்லுற ஆள் நீர். பிள்ளை ஆசைப்படுறாள், விடுமன்."

சிறு பிள்ளைகளை இப்படிப்பட்ட வேலைக்கு எடுக்க இங்கே என்ன விதிகள் உண்டோ, அத்தனையையும் நிறுவனம் சரியாகவே செய்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஒலிப்பதிவு சூரிச்சில் ஒரு சின்ன ஸ்டூடியோவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் நானும். இயக்குநர் சென்னையில் இருந்தும் தயாரிப்பாளர் டோக்கியோவில் இருந்தும் திரையில். மகள் எல்லாவற்றையும் விளையாட்டாகச் செய்தாள். ரயில் நிலையத்தில் கூட்டத்துக்குள் தாயைத் தொலைத்துவிட்டு அந்தப் பிள்ளை அழும் காட்சி வந்தது. "அம்மா, எங்க போட்டியள்?", அதாவது எங்கே போய்விட்டீர்கள், என்று சொல்ல வேண்டும்.

"போட்டியளா? என்னத்த போட்டாங்க?" என்று இயக்குநர் கேட்க, மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அழச் சொன்னால் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது இயக்குநர் மகளுக்குக் கேட்காதபடி என் ஹெட்போனில் பேசினார்.

"மேடம், சின்னப் பசங்களுக்கு அழுகையச் சொல்லிக்குடுத்தா வராது."

"ஓம்."

"நீங்க கொஞ்சம் அவ கண்ணுல படாம வெளிய நின்னுக்குங்க. நான் அம்மாவைத் தேடச் சொல்றேன்."

"ஓம்... ஓம்..."

"கொஞ்சம் பயந்துப்பா. டேக் கெடச்சதும் நீங்க உள்ள வந்துடலாம்."

"ஓம்..."

"சூப்பர் மேடம். ரொம்ப தேங்க்ஸ்."

நாங்கள் அப்படி ஓம் போட்டுத்தான் மற்றவர் பேச்சைக் கேட்போம். தொலைபேசியில் ஒருவர் கதைத்துக்கொண்டு போகும்போது இடையிடையே ஓம் போடாவிட்டால், "லைனில இருக்கிறியளோ?" என்று கேட்பார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்ததாக "ஆனா" என்று தொடங்க வாய் திறந்தேன். அதற்குள் இயக்குநர் சைகை காட்ட, ஒலிப்பதிவாளர் எழுந்து மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்தார். யாராவது கதவைத் திறந்து பிடித்தால் நான் போய்விடுவேன். பள்ளிக்கூட நாளில் இருந்தே அப்படி. அந்த இயக்குநர் என்னை ஏமாற்றவில்லை. ஓம் என்றால் சரி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

தாழ்வாரத்தில் நின்றேன். தடித்த கதவு, ஒரு சத்தமும் வரவில்லை. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. யாரோ கோப்பியோடு உள்ளே போகக் கதவைத் திறந்தபோது அந்தக் குரல் வெளியே வந்தது. "அம்மா, எங்க போட்டியள்? அம்மா!" இரண்டாவது 'அம்மா'வுக்கு முன் மூச்சு ஒன்று இடறியது. அவள் பிறந்த நாளில் இருந்து நான் கேட்ட எந்த அழுகையிலும் அந்த இடறல் இருந்ததில்லை. கோப்பிக்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். மகளின் முகம் முழுக்க ஈரம். திரையில் இருந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். டோக்கியோக்காரர் எழுந்து நின்றே தட்டினார். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு கைதட்டியவர்களைப் பார்த்தாள், சிரித்தாள். என்னைக் குழப்புவது அந்தச் சிரிப்புத்தான்.

அந்தக் காட்சியையே முன்னோட்டத்தில் போட்டார்கள். நிறுவனம் அதற்குள் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். மின்தூக்கியில் வருகிற பாதிப் பேரை எனக்குத் தெரியாது. சமையலறைச் சுவரின் 'ஆம்' எல்லாம் இப்போது வரவேற்புக் கூடத்தில், ஆள் உயரத்தில் அச்சடித்து நிற்கின்றன. என் 'ஓம்' வாசலுக்கு நேரே.

அழுகையை முன்னோட்டத்தில் இருந்து எடுக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய இரண்டு அறைக் காலமென்றால் இப்போதே எடுத்துவிடுவேன் என்றார். இப்போது முன்னோட்டம் வெட்டுவது ஓரிடம், அனுமதிப்பது இன்னோரிடம், உலகம் முழுக்க அனுப்புவது வேறோரிடம். யாரைக் கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை. அவர் உண்மையாகவே வருந்தினார். அதனால் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மகளோடு லாங்ஸ்ட்ராஸ வீதிப் பக்கம் தமிழ்க் கடைக்குப் போனேன். முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் அந்தக் குரல். "அம்மா, எங்க போட்டியள்? அம்மா!" காய்கள் கையில் இருந்து சிதறின. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். டிராம் தண்டவாளம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மகள் என்னைப் பின்னால் இருந்து இழுத்தாள். அவள் அவ்வளவு நேரமும் என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

கடைக்கார அண்ணை முன்னோட்டம் ஓடிய தன் தொலைபேசியைத் தூக்கிக் காட்டினார். "பயந்திட்டியளோ தங்கச்சி? எங்கட பிள்ளையின்ர குரல்! கனடாவில இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் அனுப்பிப்போட்டன். என்ர மனிசி கேட்டிட்டு அழுதவ."

"நல்லது அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்வது? மகளுக்கு அவர் இனிப்புக் கொடுத்தார். "இன்னொருக்கா அழுது காட்டுங்கோ பாப்பம்" என்றார். மகள் உடனே அழுது காட்டினாள். இடறல் உட்பட, அப்படியே. பிறகு இனிப்பைப் பிரித்து வாயில் போட்டாள்.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் தொடங்கியது. குளிக்க மாட்டேன் என்றால் அந்த அழுகை. பாடசாலைப் பையைத் தேடினால் அந்த அழுகை. ஐபாட்டில் அந்தப் படத்துண்டைப் போட்டு, கூடவே தானும் அழுவாள். ஒவ்வொரு தடவையும் ஓடினேன். கணவர், "இப்பிடி ஓடினா அவளுக்கு விளையாட்டுத்தானே" என்றார். அது சரிபோலவும் இருந்தது. ஓடுவதைக் குறைத்தேன்.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்துக்கடியில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறைநாள். எங்கள் முறை வந்த அன்று, மகள் நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். "கீழ போட்டு உடன வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் காதில் அது விழவில்லை. இயந்திரத்தில் இருந்து ஈரப் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படி வழியாக அந்தக் குரல் வந்தது.

"அம்மா, எங்க போட்டியள்?"

ஐபாட், என்று நினைத்தேன். போர்வையைப் பிடித்தபடி நின்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுதவே கூசுகிறது. அலுவலகத்தில் வசனத்துக்கு நேரம் பார்ப்பதுபோலக் கேட்டேன். இப்போது இடறல் வர வேண்டும், அடுத்து இரண்டாவது 'அம்மா' வர வேண்டும் என்று காத்திருந்தேன். இடறல் வரவில்லை. 'அம்மா'வும் வரவில்லை. கதவைக் கையால் தட்டும் சத்தம் வந்தது.

போர்வையை அப்படியே போட்டுவிட்டு ஏறினேன். மகள் படியில் காலுறையோடு நின்றாள். என்னைத் தேடி வெளியே வந்திருக்கிறாள், கதவு பின்னால் மூடிப் பூட்டிக்கொண்டது. உள்ளேயும் போக முடியாமல், கீழே இருட்டில் இறங்கவும் பயந்து, மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு துளி தண்ணீரும் இல்லை. உடம்பு மட்டும் நடுங்கியது. நான் தூக்கியபோது கேட்டாள்.

"நான் கூப்பிட்டது கேட்டதோ?"

"ஓம்."

"பின்ன ஏன் வரேல்ல?"

அவளை இறக்காமலே ஒற்றைக் கையால் சாவியைத் தேடினேன்.

இப்போது நிறுவனம் அந்தத் தீவுப் பிள்ளையையே நாயகியாக வைத்துத் தொடர் எடுக்கிறது. தமிழில் எல்லாப் பகுதிக்கும் என் மகளின் குரல் வேண்டுமாம். மேலாளர் மகிழ்ச்சியோடுதான் சொன்னார். வருகிற கூட்டத்தில் நான் பதில் சொல்ல வேண்டும். கணவர், பிள்ளையைச் செய்ய விடுவோம் என்கிறார். நான் கண்ணாடிக்குப் பின்னாலேயே நிற்கலாம், இனி யாரும் என்னை வெளியே அனுப்ப மாட்டார்கள் என்கிறார். மகளிடம் வேறு பிள்ளை செய்தால் என்ன என்று கேட்டேன். "நான்தான் அந்தப் பிள்ளை" என்றாள். உடனே அவளை என் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டேன். ஆனால் எந்தப் பிள்ளையும் அப்படித்தானே சொல்லும் என்றும் தோன்றுகிறது. மறுத்தால், அவள் ஆசையோடு செய்யும் ஒன்றை என் பயத்துக்காகப் பறித்தவள் ஆவேன். சம்மதித்தால் அவள் இன்னும் எத்தனை விதமாக அழப் பழகுவாள், அவற்றில் எதற்கு நான் படியேற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். மேடையிலோ படத்திலோ பிள்ளையை நடிக்க விட்டவர்களும் இருக்கலாம். விளையாட்டு அழுகையையும் உண்மை அழுகையையும் நீங்கள் எதை வைத்துப் பிரித்தறிந்தீர்கள்? அல்லது பிரிக்கப் பார்க்காமல் ஒவ்வொரு தடவையும் ஓடினீர்களா? அந்தக் கூட்டத்தில் இடைநடுவே ஒரு ஓம்கூட வாய் தவறி வந்துவிடாமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன். கடைசியில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.