நேசபாயை மேடையேற்றியவர்கள்

புதுக்கடைக்கு அருகே, பனங்காட்டை ஒட்டிய ஊரில் நேசபாய் குடியிருந்தாள். 1931 ஆனி மழையில் அவள் கணவன் ரசலையன் பனையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தான். அவன் பதநீர் இறக்குகிறவன். கள்ளைத் தொட்டதே இல்லை.

அடக்கம் முடிந்த சில வாரங்களில், ஊர்க் கள்ளுக்கடையை மூடுவதா வேண்டாமா என்று வாக்கெடுக்க ஏற்பாடாயிற்று. நிலவரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே வாக்கு. நேசபாய்க்குக் கிடையாது. ஆனாலும் மூடச் சொல்லும் கட்சியின் வக்கீல் தேவகுமார் அவளைத் தேடி வந்தார்.

“மேடையில வந்து இருந்தாப் போதும் தாயே. பேச வேண்டாம்.”

போனாள். தேவகுமார் அவளைச் சுட்டிக்காட்டி, “இந்தப் பொண்ணுக்க தாலிய அறுத்தது எது?” என்று கேட்டார். கூட்டம் முழித்தது. இன்னும் உரக்கக் கேட்டார். இரண்டொரு குரல் வந்தது. மூன்றாவது முறை, “கள்ளு!” என்று ஊரே கத்தியது. அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நேசபாய்க்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனாள். “அவிய குடிக்க மாட்டாவ அய்யா.”

“தெரியும். ஈர மரத்துல வழுக்கினாருன்னு சொன்னா எவன் கை தூக்குவான்?”

அடுத்த வாரம் கடைக் குத்தகைக்காரரின் ஆள் சுயம்புலிங்கம் வந்து, மூடக் கூடாதென்ற கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை. அந்த மேடையிலும் போய் உட்கார்ந்தாள்.

“மரமேறுத குடும்பத்த பட்டினி போடவா இந்த வாக்கு? இந்த அக்காளுக்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க!” என்றார் சுயம்புலிங்கம். இங்கேயும் பெண்கள் அழுதார்கள். போன வாரம் அழுத அதே பெண்கள்.

வாக்கெடுப்பில் மூடச் சொன்னவர்கள் ஜெயித்தார்கள். கடைக்குப் பூட்டு விழுந்தது. தேவகுமாருக்கு மாலை போட்டு ஊர்வலம் நடத்தினார்கள். அவள் வீட்டுப் பக்கம் பிறகு யாரும் வரவில்லை. நேசபாய் பக்கத்துப் பனைவிளையில் கூலிக்குக் கருப்பட்டி காய்ச்சப் போனாள்.

கோயிலில் பெண்கள் அவளிடம் இரக்கமாய்ப் பேசினார்கள். “குடிகாரன்கிட்ட எவ்வளவு பாடுபட்டியோ!” முதலில் இல்லையென்று மறுத்தாள். அதற்கும் இரக்கப்பட்டார்கள், செத்த புருஷனை விட்டுக்கொடுக்காதவள் என்று மெச்சினார்கள்.

சில வருஷம் கழித்துக் காய்ச்சலுக்காக நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் விவரம் கேட்டாள்.

“வீட்டுக்காரர்?”

“பனையில இருந்து விழுந்து செத்துப்போனாவ.”

“குடிச்சிருந்தாரா?”



“அப்படித்தான் சொல்லுதாவ,” என்றாள் நேசபாய்.